மேற்பதி வம்சத்து வாரிசு

கம்பவுண்டரின் இனிஷியல் ‘மே’. முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும். மனிதர் அறுபது வயதுக்கு மேல் ஆடிய அத்தனை கூத்துக்கும் இந்த ஓரெழுத்துதான் காரணம்.

ஊரில் மற்றவர்களுக்கெல்லாம் ‘க’, ‘சு’, ‘ரா’ என்று கௌரவமாக ஓரெழுத்து வாய்த்திருக்க, இவருக்கு மட்டும் இப்படி. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் வருகைப் பதிவேட்டைத் திறந்து ‘மே’ என்று வாயெடுத்தால் போதும், கடைசி பெஞ்சு முழுவதும் ஆட்டுமந்தையாகிவிடும். சரி, அந்த ‘மே’ யார் என்று கேட்டால் இவருக்கே தெரியாது. பெற்ற தாய் இவருடைய மூன்றாவது வயதில் கண்ணை மூடினாள். பெற்றவன் அதற்கும் முன்பே கம்பி நீட்டிவிட்டான். அவன் பேர் என்ன, கறுப்பா சிவப்பா, உயிரோடு இருக்கிறானா என்று தெரிந்தவர்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை.

வளர்த்தது தாய்மாமன். சைக்கிள் கடை வைத்திருந்தார். வேலை செய்யும்போது அவர் உதட்டுக்கு நடுவில் எப்போதும் ஒரு நட்டு இருக்கும். வாயைத் திறந்தால் கீழே விழுந்துவிடும் என்பதால் பேசுவதையே குறைத்துக்கொண்டார் போல. பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வந்த அன்று கம்பவுண்டர் துணிந்து கேட்டார்.

“மாமா, மே-ன்னா என்ன?”

மாமா நட்டை வெளியே எடுத்தார். “அது ஒரு எழுத்து” என்றார். நட்டை மறுபடி வாயில் வைத்துக்கொண்டார். அத்தையோ இன்னும் சுருக்கம். “அந்தப் பேச்ச எடுத்தா சோறு கிடையாது” என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்துபோனது.

மாமாவுக்கு ஒரே மகன். கம்பவுண்டரைவிட ஆறு மாதம் மூத்தவன். ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒரே பாயில் உதைத்துக்கொண்டு, ஒரே சைக்கிளில் விழுந்து வளர்ந்தவர்கள். பின்னாளில் சைக்கிள் கடை அவன் கைக்கு வந்தது, ‘பங்க்சர்’ என்ற பட்டப் பேரும் கூடவே வந்தது. பேர் தொழிலால் மட்டும் வந்ததல்ல. நாலு பேர் உற்சாகமாகப் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் அவன் வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், அத்தனை பேருக்கும் காற்று இறங்கிவிடும். இவர் அவனை “மச்சான்” என்பார், அவன் இவரை “மாப்ள” என்பான். இந்த உறவு மாமா செத்த வாரத்தில் அறுந்தது.

சண்டைக்குக் காரணம் செய்தித்தாளில் வந்த கண்ணீர் அஞ்சலி விளம்பரம். மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று வரிசையாகப் பேர் போட்டு, கடைசியில் ‘மற்றும் உறவினர்கள்’ என்று முடித்திருந்தான் பங்க்சர். கம்பவுண்டர் அந்த விளம்பரத்தை மூன்று தடவை மேலிருந்து கீழாகவும் ஒரு தடவை கீழிருந்து மேலாகவும் படித்தார். தன் பேர் இல்லை. “அப்போ நான் ‘மற்றும்’ல இருக்கேனா?” என்று மனைவியிடம் கேட்டார். அன்றிலிருந்து இருபது வருஷம் இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. வழியில் எதிரே வந்தால் ஒருவர் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார், இன்னொருவர் செருப்பைச் சரிசெய்யக் குனிந்துவிடுவார்.

இனி மனிதரின் தொழிலைப் பற்றி. நாற்பது வருஷத்துக்கு மேல் ஒரே டாக்டரிடம் ஒரே ஜன்னலுக்குப் பின்னால் நின்று மருந்து கொடுத்தவர். டாக்டரின் கையெழுத்தை ஊரில் படிக்கத் தெரிந்த ஒரே பிறவி இவர்தான். டாக்டர் தன் சம்பந்திக்குக் கடிதம் எழுதினால் சம்பந்தி அதை எடுத்துக்கொண்டு நேரே இந்த ஜன்னலுக்கு வருவார், படிக்கக் கேட்டுவிட்டுப் போவார். சில சமயம் டாக்டரே தான் எழுதிய சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “யோவ், நான் என்னய்யா எழுதியிருக்கேன்?” என்று இவரைக் கேட்டதுண்டு. ஆகையால் எழுத்து என்று ஒன்று இருந்தால் அதைத் தன்னால் படிக்க முடியாமல் போகாது என்று கம்பவுண்டருக்குப் பெரிய நினைப்பு. இந்த நினைப்புதான் பின்னால் குழி பறித்தது.

இவருடைய அறுபத்திரண்டாவது வயதில் டாக்டர் கடையை மூடிக்கொண்டார், கம்பவுண்டர் வீட்டில் உட்கார்ந்தார். வீட்டில் உட்கார்ந்தார் என்றால் மனைவியின் தையல் மெஷினுக்கு எதிரே உட்கார்ந்தார். அம்மாள் பள்ளிச் சீருடை தைப்பவள், வாயில் எப்போதும் நாலு குண்டூசி இருக்கும், ஆனாலும் சரளமாகப் பேசுவாள். “பித்தான் ஒண்ணு கோணலா இருக்கு”, “இந்தப் பாவாடை ஒரு பக்கம் நீளம்” என்று இவர் பக்கத்திலிருந்து மருந்துச் சீட்டு எழுத ஆரம்பித்த பத்தாவது நாள், அவள் மெஷினை நிறுத்தினாள்.

“உங்களுக்குப் புண்ணியமா போகும், எங்கயாவது போய் எதையாவது படிங்க.”

“நான் என்னத்தப் படிக்கிறது?”

“நாப்பது வருஷமா பாட்டில்ல ‘நன்றாகக் குலுக்கவும்’னு மட்டுந்தான படிச்சீங்க? அதத் தாண்டி உலகத்துல நெறைய எழுதியிருக்காங்களாம்.”

இப்படித்தான் அவர் நூலகத்துக்குப் போனார். நூலகர் ஒரு கண்டிப்பான அம்மா. உறுப்பினர் படிவத்தைக் கொடுத்தார். ‘தந்தை பெயர் (முழுமையாக)’ என்ற இடத்தில் கம்பவுண்டர் ‘மே.’ என்று எழுதிப் புள்ளியும் வைத்தார்.

“ஐயா, முழுசா எழுதுங்க.”

“இதான்மா முழுசு.”

“மே-ங்கறது முழுப் பேரா? ஆடுகூட ரெண்டு தடவ சொல்லுமே!”

ஐம்பது வருஷத்துக்கு முந்தைய கடைசி பெஞ்சு அவர் காதில் கத்தியது. முகம் சிவந்து நின்றார். நூலகர் அம்மா கொஞ்சம் இறங்கிவந்தார். பேர் தெரிந்ததும் எழுதிக் கொடுங்கள், அட்டை தருகிறேன், அதுவரை புத்தகத்தை வீட்டுக்குத் தர முடியாது, இங்கேயே உட்கார்ந்து படியுங்கள் என்றார். அன்று கம்பவுண்டர் ஒரு முடிவோடு உட்கார்ந்தார். சாவதற்குள் ‘மே’ யாரென்று கண்டுபிடித்துவிட வேண்டும். தனக்கும் ஒரு தகப்பன் இருந்தான், அவனுக்கும் ஒரு பேர் இருந்தது என்று ஒரு தடவையாவது ஒரு காகிதத்தில் முழுசாக எழுத வேண்டும். வேறு ஆசை எதுவும் அவருக்கு இல்லை.

படிக்க ஆரம்பித்தவர் படிப்பில் விழுந்துவிட்டார். காலை பத்து மணிக்கு நூலகக் கதவு திறக்கும்போது வாசலில் நிற்பார், ஐந்து மணிக்கு விளக்கை அணைத்துத்தான் கிளப்ப வேண்டும். ஊர் வரலாறு, நகரசபைத் தீர்மானங்கள், படைப்பிரிவுகளின் ஆண்டு மலர்கள், பழைய நாடகக் கம்பெனி நோட்டீஸ் என்று கையில் கிடைத்ததையெல்லாம் தின்றார். இத்தனை சுவாரசியத்தை இத்தனை நாள் யாரும் தன்னிடம் சொல்லவில்லையே என்று அவருக்கு உலகத்தின் மேலேயே கோபம் வந்தது.

அகராதியில் ‘மே’ பகுதியை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். முதலில் மேஜர் என்று தோன்றியது. மூன்று மாதம் தகப்பன் ஒரு மேஜர். அந்த மூன்று மாதமும் கம்பவுண்டர் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார், குளியலறைக்கு இடது காலை முதலில் எடுத்துவைத்துப் போனார், தெருநாய்க்கு உத்தரவு கொடுத்தார். பிறகு மேயர். பட்டணத்துப் பழைய மேயர்களின் படங்களை நூலகத்தில் வரிசையாக வைத்து, கைக்கண்ணாடியில் தன் காதையும் படத்திலிருந்த காதுகளையும் ஒப்பிட்டார். நாலாவது மேயருக்குக் காது அச்சு அசலாகப் பொருந்தியது, ஆனால் அவர் கம்பவுண்டர் பிறப்பதற்குப் பதினொரு வருஷம் முன்பே இறந்துபோயிருந்தார். அதன் பிறகு மேஸ்திரி. போகிற வீட்டிலெல்லாம் சுவரைத் தட்டிப் பார்த்து, “கலவை சரியில்ல” என்று சொல்லி இரண்டு வீட்டில் காப்பி கிடைக்காமல் போனது.

“மேனேஜரையும் மேக்கப்காரரையும் விட்டுட்டீங்களே” என்றாள் மனைவி. “எனக்கென்னமோ மே மாசம்னுதான் தோணுது. ஸ்கூல்ல சேத்த மாசத்த எழுதி வெச்சிருப்பாங்க.”

“ஸ்கூல்ல ஜூன்லதான்டி சேப்பாங்க.”

“அப்போ உங்க இனிஷியல் ஜூ-ன்னு இருந்திருக்கணும். தப்பிச்சீங்க.”

பள்ளிக்கூடம் என்று அவள் சொன்னதும்தான் அவருக்குப் புத்தியில் பட்டது. ‘மே’ முதன்முதலில் எங்கே எழுதப்பட்டதோ அங்கே போக வேண்டியதுதானே! மறுநாள் காலையில் போய் நின்றார். பள்ளி எழுத்தர் நல்ல மனிதர், ஆனால் சட்டம் என்றால் உயிரை விடுபவர். அறுபது வருஷத்துப் பழைய சேர்க்கைப் பதிவேட்டை எடுத்தார், தூசி தட்டினார், பக்கத்தைக் கண்டுபிடித்தார். இரண்டு வெள்ளைத் தாளை எடுத்துக் கம்பவுண்டரின் வரிக்கு மேலேயும் கீழேயும் வைத்து மூடினார்.

“அடுத்தவங்க விவரம் காட்டக் கூடாதுங்க. உங்க வரிய மட்டும் பாருங்க.”

வரி என்றால் அதுவும் முழு வரி இல்லை. வலது பக்கக் கட்டங்களை எழுத்தரின் முழங்கை மறைத்துக்கொண்டிருந்தது. தகப்பனார் பெயர் என்ற கட்டம் மட்டும் தெரிந்தது. அதில் மை பரவிப்போய், புழு நெளிந்த மாதிரி ஒரு கிறுக்கல். எழுத்தரே கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டுக் கைவிட்டார். கம்பவுண்டர் சிரித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்தார். நாற்பது வருஷ அனுபவம் ஒரே நொடியில் படித்துச் சொன்னது.

“மேற்பதி!”

உங்களுக்குப் புரிந்துவிட்டது. எனக்கும் புரிந்துவிட்டது. ஒரு வரிக்குக் கீழே அதே விவரத்தை மறுபடி எழுதச் சோம்பல்பட்டு எழுத்தர்கள் எழுதுகிற ‘மேற்படி’ அது. டகரம் கொஞ்சம் வளைந்து தகரம் போலத் தெரிந்தது, அவ்வளவுதான். அதன் முதலெழுத்துதான் இனிஷியலாக ஒட்டிக்கொண்டது. ஆனால் தகப்பனைத் தேடி மூன்று வருஷம் அலைந்தவனுக்கு யார் போய்ச் சொல்வது? அவர் பள்ளிக்கூட வாசலில் நின்று அந்தப் பேரை வாய்விட்டு ஏழெட்டுத் தடவை சொல்லிப் பார்த்தார். மேல் என்றால் உயர்ந்த, பதி என்றால் தலைவன். உயர்ந்த தலைவன்! இப்படிப்பட்ட பேர் கொண்டவன் ஓடிப்போயிருக்க மாட்டான், ஏதோ பெரிய காரியமாகப் போயிருப்பான் என்று அவருக்கு உறுதியாகிவிட்டது.

நூலகர் அம்மா படிவத்தில் ‘மேற்பதி’ என்று முழுசாக எழுதி வாங்கிக்கொண்டு அட்டையைக் கொடுத்தார். “நல்ல பழைய பேருங்க” என்றும் சொல்லிவைத்தார். தினமும் வருகிற ஒரே வாசகரைப் பகைத்துக்கொள்ள யாருக்கு மனசு வரும்? கம்பவுண்டர் அன்றைக்கே முதல் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். “இந்தா பாரு, தகப்பன் பேர் போட்ட அட்டை” என்று மனைவியிடம் நீட்டினார். மனைவி குண்டூசிகளை வாயிலிருந்து எடுத்துவிட்டு அட்டையைப் படித்தாள். அவர் கண் கலங்கியிருந்ததால் அவள் கேலி பேசவில்லை.

அடுத்தது வம்சம். நூலகத்தின் பூட்டிய அலமாரியில் நகரசபையின் பழைய பிறப்பு, இறப்புப் பதிவேடுகள் இருந்தன. கம்பவுண்டர் அவற்றைத் திறந்து உட்கார்ந்தார், அவ்வளவுதான். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். பக்கத்துக்குப் பக்கம் மேற்பதி! வரிக்கு வரி மேற்பதி! ஒரே மாதத்தில் பதினாலு மேற்பதிகள் இறந்திருந்தார்கள். மேற்பதிகள் குடியிருந்த தெருவின் பேரும் மேற்பதி, அவர்கள் பார்த்த தொழிலும் மேற்பதி.

“ஏன்டி, பெரிய குடும்பம்டி!” என்று வீட்டுக்கு வந்து மூச்சு வாங்கினார். “ஒரே நாள்ல ஏழு மேற்பதி பொறந்திருக்காங்க!”

“ஒரே அம்மாவுக்கா?”

“அம்மா பேரும் மேற்பதின்னுதான் போட்டிருக்கு.”

“செத்தது எதனால?”

கம்பவுண்டர் குறிப்பைப் பார்த்தார். கொஞ்சம் தயங்கினார். “அதுவும் மேற்பதியாலதான்னு இருக்கு. குடும்பத்துக்குள்ள ஏதோ பகை போல.”

மனைவிக்குச் சந்தேகம் தட்டியது. ஆனால் மனிதர் இருபது வருஷத்துக்கு அப்புறம் இப்போதுதான் வயிறாரச் சாப்பிடுகிறார், சாப்பிட்டபடி சிரிக்கிறார். போகிற வரை போகட்டும் என்று விட்டுவிட்டாள். அவள் அளவு வெட்டுகிற பழுப்புக் காகிதச் சுருளை எடுத்துத் தரையில் விரித்து, தையல் சாக்கட்டியால் வம்ச விருட்சம் வரைந்தார் கம்பவுண்டர். கூடத்தில் ஆரம்பித்த மரம் சமையலறை வரை போனது. நூற்றுப் பன்னிரண்டு மேற்பதிகள். அடியில் ஒரு சின்னக் கிளையில் தன் பேரை எழுதினார். மூன்று நாள் அதைத் தாண்டித் தாண்டித்தான் அவள் சமைக்கப் போனாள்.

ஆனால் ஒரு விஷயம் மட்டும் அவரை அரித்தது. “இத்தன பேர் இதே ஊர்ல இருந்திருக்காங்க. ஒருத்தர்கூட என்னை வந்து பாக்கலயே” என்றார் ஒரு மத்தியானம். உயிரோடு இருக்கும் மேற்பதிகளைக் கூட்டிப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார். செய்தித்தாளில் கட்டம் கட்டி விளம்பரம் கொடுத்தார். ‘மேற்பதி வம்சத்தார் கவனத்திற்கு! பிரிந்தோர் கூடுவோம். ஞாயிறு காலை பத்து மணி, நூலகக் கூடம்.’ கீழே தன் பேரையும், தான் சேர்ந்த பள்ளியையும் வருஷத்தையும் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு பேர் வந்தார்கள். அதில் எட்டுப் பேர் தினமும் செய்தித்தாள் படிக்க வருபவர்கள், விசிறிக்குக் கீழே இடம் பிடித்தார்கள். ஒருவர் தான் மேற்பதியா என்று தனக்கே நிச்சயமில்லை, எதற்கும் வந்தேன் என்றார். இன்னொருவர் ஓய்வு பெற்ற பத்திர எழுத்தர், ஆயுசு முழுக்க வீடு, நிலம் விற்கிற பத்திரம் எழுதியவர். பதினோராவது ஆள் கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பங்க்சர். அவனைப் பார்த்ததும் கம்பவுண்டர் செருப்பைச் சரிசெய்யக் குனிந்தார். ஆனாலும் கூட வந்திருந்த மனைவி ஒரு முனையைப் பிடிக்க, காகித மரத்தைச் சுவரில் தொங்கவிட்டு, அரை மணி நேரம் குலப் பெருமை பேசினார். கையோடு நகலெடுத்து வந்த ஒரு பதிவேட்டுப் பக்கத்தையும் சுற்றுக்கு விட்டார்.

பக்கம் பத்திர எழுத்தரின் கைக்குப் போனது. அவர் அதைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்.

“ஐயா, தப்பா நினைக்காதீங்க. இந்த ஆள எனக்கு நாப்பது வருஷமா தெரியும்.”

“அப்படியா! யாருங்க? எங்க இருக்காரு?” கம்பவுண்டர் மேஜையைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தார்.

“ஒரு பத்திரத்துக்கு முப்பது தடவ வருவாரு. மேற்படி வீடு, மேற்படி கிணறு, மேற்படி நபர். இது மேற்பதி இல்லீங்க. மேற்படி. மேல சொன்னதேதான் கீழயும்னு அர்த்தம்.”

முன்வரிசையில் ஒருவருக்குச் சிரிப்பு பீறிட்டது, அது அப்படியே தொற்றிக்கொண்டு எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். தான் மேற்பதியா என்று நிச்சயமில்லாமல் வந்தவர்தான் அதிகமாகச் சிரித்தார். கம்பவுண்டர் சுவரில் தொங்கிய நூற்றுப் பன்னிரண்டு பேரையும் பார்த்தார். ஒருவரும் இல்லை. தகப்பனும் இல்லை.

அப்போது பங்க்சர் எழுந்தான். நேரே முன்னால் வந்தான்.

“எதுக்குடா சிரிக்கிறீங்க? எந்திரிச்சுப் போங்க எல்லாரும்!” என்று கூடத்தை அதட்டிவிட்டு இவர் பக்கம் திரும்பினான். “ஏன் மாப்ள, எங்கப்பா உன்னத் தூக்கி வளத்தது போதலயா? எவன் எவனோ செத்தவனையெல்லாம் தேடிப் போய்ச் சொந்தம் கொண்டாடற? வெக்கமா இல்ல உனக்கு?”

“மற்றும்-ல தள்ளினவன் நீதான?” என்றார் கம்பவுண்டர். இருபது வருஷத்துக்குப் பிறகு அவனிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

நடுவில் புகுந்தது தையல்கார அம்மாள். “ரெண்டு பேரும் கொஞ்சம் வாய மூடுங்க. மேற்படின்னா மேல ஒருத்தர் இருக்கணுமே. ஸ்கூல் பதிவேட்டுல இவருக்கு மேல் வரியில இருக்கறது யாரு?”

“தாள் வெச்சு மூடிட்டாங்கடி. பாக்கல.”

பங்க்சர் ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்தினான். விரலை மடக்கி என்னவோ கணக்குப் போட்டான். அவன் குரல் இறங்கிவிட்டது.

“அன்னைக்கு எங்கப்பா ரெண்டு பேரையும் ஒண்ணாத்தான கூட்டிட்டுப் போனாரு. மொதல்ல என்னைத்தான் சேத்தாரு. அப்புறம் உன்னை.”

வந்தவர்கள் நாற்காலிகளை ஓசைப்படாமல் மடக்கி வைத்துவிட்டுப் போனார்கள்.

திங்கட்கிழமை இரண்டு பேரும் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பள்ளிக்குப் போனார்கள். பாதி வழியில் பங்க்சர் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னான். “விளம்பரத்துக்கு உன் பேரையும் சேத்துத்தான் குடுத்தேன். இனிஷியல் ஒட்டலயே, இவரு என்ன உறவுன்னு பேப்பர்காரன் கேட்டான். அத்தை மகன்னேன். தூக்கி மற்றும்-ல போட்டுட்டான்.”

“இத இருபது வருஷமா சொல்றதுக்கு என்ன கேடு?”

“நீ கேட்டியா?”

பள்ளி எழுத்தர் பதிவேட்டை எடுத்தார், பழையபடி இரண்டு தாளையும் எடுத்தார். “இவர் வரிய இவருக்குக் காட்டலாம். உங்க வரிய உங்களுக்குக் காட்டலாம். ரெண்டையும் சேத்து ரெண்டு பேருக்கும் காட்ட விதியில இடம் இல்லீங்க” என்றார். கம்பவுண்டருக்கு மேல் வரியை மூடினார், பங்க்சருக்குக் கீழ் வரியை மூடினார். இவர் பார்க்கும்போது அவனைத் திரும்பி நிற்கச் சொன்னார், அவன் பார்க்கும்போது இவரை. நாலு தடவை இப்படித் திரும்பித் திரும்பி நின்றதில் பங்க்சருக்குத் தலை சுற்றியது. கடைசியில் எழுத்தருக்கே சலித்துப்போய், ஒருவருக்கொருவர் சம்மதக் கடிதம் கொடுத்தால் காட்டுவதாகச் சொன்னார். படிவம் கொடுத்தார். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். எழுத்தர் தாள்களை விலக்கினார், முழங்கையையும் எடுத்துக்கொண்டார்.

மேல் வரியில் பங்க்சரின் பேர். தகப்பனார் பெயர் என்ற கட்டத்தில் சைக்கிள் கடை மாமாவின் பேர், முழுசாக. கீழ் வரியில் கம்பவுண்டரின் பேர். தகப்பனார் பெயர்: மேற்படி.

“எழுதினவரு அவசரத்துல தப்பாப் போட்டிருப்பாரு” என்றார் கம்பவுண்டர். நம்ப அவருக்குப் பயமாக இருந்தது. இத்தனை நாள் பட்ட அடி போதாதா?

“இல்லீங்க, இங்க பாருங்க.” எழுத்தர் வலதுகோடிக் கட்டத்தில் விரலை வைத்தார். ஒவ்வொரு வரியிலும் ‘தகப்பன் / காப்பாளர்’ என்று அச்சடித்திருந்தது, வேண்டாததை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். மேல் வரியில் ‘காப்பாளர்’ அடிக்கப்பட்டு மாமாவின் கையெழுத்து இருந்தது. கீழ் வரியிலும் ‘காப்பாளர்’ அடிக்கப்பட்டிருந்தது, அதே மை, அதே கையெழுத்து. இங்கே இரண்டு கோடு. பேனா முனை தாளைக் கிழித்திருந்தது.

கம்பவுண்டர் அந்தக் கிழிசலை விரலால் தடவிப் பார்த்தார். பெற்றவன் யார் என்ற கேள்வி அவர் மனசில் இல்லை, எங்கே போனதென்றே தெரியவில்லை.

“சம்மதக் கடிதத்துல உறவுன்னு ஒரு கட்டம் காலியா இருக்கு. நிரப்பிக் குடுத்துடுங்க” என்றார் எழுத்தர்.

பங்க்சர் பேனாவை எடுத்தான்.

“அத்தை மகன்னு போடு மச்சான்” என்றார் கம்பவுண்டர்.

“பெரியவரு கோடு போட்டு அடிச்சத நான் திருப்பி எழுதறதா? அதுக்கு நான் யாருடா?” என்று சொல்லி, அந்தக் கட்டத்தில் ‘தம்பி’ என்று எழுதினான்.

கம்பவுண்டர் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். யாரிடமும், கட்டின மனைவியிடம்கூட, சொல்லாத ஒன்றை அந்த ஆபீஸ் அறையில் வைத்துச் சொன்னார்.

“பதினேழு வயசுல கம்பவுண்டர் வேலைக்குப் போறேன்னு நின்னேன். போகாத, கடையில இருன்னாரு. ‘சொல்றதுக்கு நீங்க யாரு, எனக்கு அப்பாவா?’ன்னு மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டேன். அவரு கைய மட்டும் துடைச்சிக்கிட்டாரு.”

“தெரியும். நான் உள்ளதான் இருந்தேன்” என்றான் பங்க்சர். “நீ போனதும் ஒரு சக்கரத்த சும்மா சுத்தி விட்டுட்டே உக்காந்திருந்தாரு. ‘அவன் கேட்டதுல தப்பு இல்லடா, நான்தான் சொல்லி வெச்சிருக்கணும்’னாரு. எதன்னு நான் கேக்கல. எனக்கு அப்ப புரியவும் இல்ல.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன அப்புறம்? நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு முப்பது வருஷத்த ஓட்டிட்டாரு, நம்மப்பா.”

பிறந்ததிலிருந்து ‘எங்கப்பா’ என்று மட்டுமே சொல்லிவந்த வாய் அது. கம்பவுண்டர் பதிவேட்டில் கண்ணீர் படாமல் தள்ளிவைத்துவிட்டு, எழுத்தரின் மேஜையிலேயே தலையைக் கவிழ்த்து, “அப்பா” என்று வாய்விட்டு அழுதார்.